வீட்டை வைத்துக் கடன்: வங்கியா, பதிவு அடமானமா, ஒத்தியா, 'பேருக்கு ஒரு அக்ரிமெண்ட்'டா?

"பத்து லட்சம் அவசரமாக வேண்டும். சொந்த வீடு, பத்திரம் சுத்தம். வங்கியில் ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் இரண்டே நாளில் தருகிறேன், பேருக்கு ஒரு கிரய அக்ரிமெண்ட் மட்டும் போட்டுக் கொடு என்கிறார். போகலாமா?" இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய. கொடுக்கிற பக்கத்திலிருந்தும் கேள்வி வருகிறது: "மைத்துனருக்குப் பணம் கொடுக்கப்போகிறேன். மூலப் பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டால் போதாதா?"

இரண்டு தரப்பும் பெரும்பாலும் வட்டியைத்தான் ஒப்பிடுகிறார்கள். வட்டி முக்கியம்தான். ஆனால் நாளைக்குச் சிக்கல் வந்தால் யார் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், வீடு எப்போது கையை விட்டுப் போகும் என்பதையெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் வகைதான் முடிவு செய்கிறது. வீடும் அதேதான், பத்து லட்சமும் அதேதான். பத்திரம் மாறினால் பாதுகாப்பு தலைகீழாகிவிடும். ஆகவே இங்கே ஒப்பிடப்போவது பத்திரங்களை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல் மீட்பு உரிமை. அசலையும் வட்டியையும் கட்டி வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை எந்தக் கட்டம் வரை உயிரோடு இருக்கும்? 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 60-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. அடமானம் என்று ஆகிவிட்டால் அது கடைசிவரை அடமானம்தான். "இந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் வீடு உனக்கே" என்று அடமானப் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் அந்த வரி செல்லாது. கடன் வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய கவசம் எதுவும் இல்லை.

இரண்டாவது, தவணை தவறினால் வீட்டை ஏலம் விட நீதிமன்ற உத்தரவு வேண்டுமா, வேண்டாமா. மூன்றாவது, கொடுத்தவருக்குப் பணம் நிஜமாகத் திரும்புமா, எவ்வளவு காலம் உரிமை கோரலாம். நான்காவது, பத்திரச் செலவும் கண்ணில் படாத செலவும். ஐந்தாவதை யாரும் கேட்பதே இல்லை: கடன் தீர்ந்த பிறகு வில்லங்கச் சான்று சுத்தமாக எவ்வளவு பாடுபட வேண்டும்?

## வங்கியில் எம்.ஓ.டி.

வங்கி உங்கள் மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கு ஒரு குறிப்பாணை எழுதிப் பதிவு செய்கிறார்கள். பேச்சு வழக்கில் எம்.ஓ.டி. பதிவுத்துறையின் கட்டண அட்டவணைப்படி முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 0.5 சதவீதம், உச்சவரம்பு 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 6,000. பத்து லட்சத்துக்கு 5,000-மும் 6,000-மும் சேர்த்து 11,000. நான்கு வழிகளில் மீட்பு உரிமையோடு வரும் மிக மலிவான பத்திரம் இதுதான்.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு ரிசர்வ் வங்கி விதிகளிலிருந்து வருகிறது. உண்மையான ஆண்டுச் செலவைக் காட்டும் முக்கிய விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும். தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. எல்லாவற்றையும்விட உபயோகமானது, 2023 செப்டம்பரில் வந்து அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி: கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குத் தர வேண்டும். இந்த விதி வருவதற்கு முன்பு பத்திரத்துக்காகக் கிளைக்கும் தலைமையகத்துக்கும் அலைந்தவர்களைக் கேட்டால்தான் இதன் அருமை தெரியும்.

சரி, மறுபக்கம். வங்கியிடம் 2002-இன் சர்ஃபேசி சட்டம் இருக்கிறது, வழக்கில்லாமலே பிணைச் சொத்தை எடுத்து ஏலம் விட வழிசெய்யும் சட்டம். 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன். அப்புறம் அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவில் பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ், கட்டுவதற்கு 60 நாள் அவகாசம். நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் வங்கி பதில் சொல்ல வேண்டும். 60 நாள் முடிந்தால் சுவாதீன நோட்டீஸ் வீட்டுக் கதவில் ஒட்டப்படும், நாளிதழில் வரும். நேரடியாக வீட்டை எடுக்க மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் வழியாக உதவி கிடைக்கும். இத்தனைக்கும் சிவில் வழக்கு எதுவும் தேவையில்லை. எதிர்க்க வேண்டுமானால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நம் ஊரில் அது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. தோற்றால் மேல்முறையீட்டுக்குப் பாக்கியில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் உள்ளேயே போக முடியும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனது வைத்தால் அந்தப் பாதியைக் கால் பங்காகக் குறைக்கலாம்.

மீட்பு உரிமை இங்கேதான் சுருங்குகிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டியாக வேண்டும். ஏலம் நடக்கும் நாள்வரை நேரமிருக்கிறது என்று நினைத்தவர்களின் நம்பிக்கையை 2023-இல் உச்ச நீதிமன்றம் செலிர் வழக்கில் உடைத்துவிட்டது. பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்த பிறகு பணத்தோடு ஓடுவது தாமதம். 13(2) நோட்டீஸ் வரும் நாளிலேயே ஓட வேண்டும்.

சில வரம்புகள் கடன்தாரர் பக்கம் நிற்கின்றன. விவசாய நிலத்தின் மீது சர்ஃபேசி பாயாது. ஆனால் பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, நிஜமாகவே விவசாயம் நடக்கிறது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். மொத்தத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாகப் பாக்கி இருந்தாலும் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. வங்கியல்லாத நிதி நிறுவனம் என்றால் 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனுக்குத்தான் அந்த அதிகாரம்.

கண்ணில் படாத செலவுகள்: பரிசீலனைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், கடனோடு சேர்த்துக் கட்டிவிடும் காப்பீட்டுப் பாலிசி. குறிப்பாணையில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: "இந்தக் கடனுக்கும் இனி வாங்கும் எந்தக் கடனுக்கும்" என்று இருந்தால், வீட்டுக் கடனை அடைத்த பிறகும் நீங்கள் கையெழுத்துப் போட்ட வேறொரு கடனுக்காகப் பத்திரம் உள்ளேயே நிற்கலாம்.

## தனியாரிடம் பதிவு அடமானம்

வீடு உங்கள் அனுபவத்திலேயே இருக்கும். பத்திரத்தில் மட்டும் அடமானம். பழைய பத்திரங்களில் 'சுவாதீனமில்லாத அடமானம்' என்று எழுதியிருப்பார்கள். சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ கடன் என்றாலே இதைப் பதிவு செய்தாக வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. பத்து லட்சத்துக்கு 20,000.

என் கணிப்பில், சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கடன் வாங்குபவருக்கு இதைவிட நிழலான இடம் இல்லை. கொடுத்தவர் வீட்டைத் தொட வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முதலில் ஆரம்பநிலைத் தீர்ப்பு, அதில் பணம் கட்ட அவகாசம். பிறகு இறுதித் தீர்ப்பு. அதன் பிறகுதான் ஏலம். ஏலம் முடிந்தே போனாலும், நீதிமன்றம் அதை உறுதிசெய்யும் முன் பாக்கியைக் கட்டி, ஏலத்தில் எடுத்தவருக்கு அவர் தொகையில் 5 சதவீதமும் கொடுத்தால் வீடு திரும்பிவிடும். ஏல விளம்பரத்தோடு கதவு சாத்தப்படும் வங்கி வழியோடு இதை வைத்துப் பாருங்கள்.

கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்து இழுத்தடித்தால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்திலேயே பணத்தைச் செலுத்தலாம், வட்டி ஓடுவது நின்றுவிடும். அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்கினால் 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம்.

கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? முதலாவதாக, வில்லங்கச் சான்றில் அவர் பெயர் ஏறிவிடுகிறது. அதன்பின் வீட்டை யார் வாங்கினாலும் கடனோடுதான் வாங்குகிறார்கள். பணம் திரும்ப வேண்டிய தேதியிலிருந்து 12 ஆண்டு வரை வீட்டின் மீது வழக்குப் போடலாம். வெறும் புரோநோட்டு என்றால் மூன்றே ஆண்டு. நீதிமன்றக் கட்டணமாகக் கோரும் தொகையில் 3 சதவீதம் போகும், வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். இந்தக் காத்திருப்புக்குத்தான் தனியார் கூடுதல் வட்டி கேட்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பீரோவில் பத்திரத்தை வைத்துக்கொள்ளும் மைத்துனர் கேள்விக்கும் இங்கேயே பதில். பதிவில்லாமல் மூலப் பத்திரத்தை வைத்திருந்தால் வில்லங்கத்தில் எதுவும் தெரியாது. சொந்தக்காரர் பத்திரம் தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்து, சான்றிட்ட நகல் எடுத்து, விற்றுவிட்டுப் போன கதைகள் உண்டு. தமிழ்நாட்டில் 2012-இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, ஆவண ஒப்படைப்புக்கான ஒப்பந்தத்தையும் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மைத்துனராக இருந்தாலும் பதிவு செய்யுங்கள். கூடவே, சொத்து அவர் ஒருவர் பெயரில்தானா, பூர்வீகமா, மைனர் பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். மைனரின் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அடமானம் வைத்தால், பையன் வயதுக்கு வந்ததும் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் என்றால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. ரொக்கமாகத் திருப்பினாலும் அப்படியே. இரண்டு அபராதமும் பெரும்பாலும் கடன் வாங்கியவர் தலையில்தான் விழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தீர்ந்த பிறகு ரசீது ஆவணம் எழுதி அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். "எல்லாம் கணக்கு முடிஞ்சுது" என்று காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது அடமானம் வில்லங்கத்தில் நிற்கும், கொடுத்தவர் இறந்திருப்பார், வாரிசுகளில் ஒருவர் துபாய், ஒருவர் பேச்சுவார்த்தையில்லை.

## ஒத்தி, போக்கியம்

பணத்தைக் கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பார் அல்லது நிலத்தை உழுவார். வட்டிக்குப் பதில் அனுபவம். மதுரைப் பக்கம் வீட்டு ஒத்தி மிகச் சாதாரணம். முறையான சுவாதீன அடமானமாகப் பதிவு செய்தால் முத்திரைத் தீர்வையே 4 சதவீதம், பதிவு 1 சதவீதம்: பத்து லட்சத்துக்கு 50,000. இந்தச் செலவுக்குப் பயந்துதான் பெரும்பாலான ஒத்திகள் பதிவில்லாத வெறும் முத்திரைத்தாளிலேயே முடிந்துவிடுகின்றன.

பதிவு செய்த போக்கியத்தில் சொத்துக்காரருக்குக் கிடைக்கும் உரிமை அசாதாரணமானது. மாதத் தவணை கிடையாது, வாராக்கடன் கிடையாது. காலக்கெடு எழுதாத சுத்தமான போக்கியத்தில், எத்தனை ஆண்டு ஆனாலும் பணத்தைக் கொடுத்து மீட்கலாம்; முப்பது வருடம் கடந்துவிட்டது, இனி எனக்கே சொந்தம் என்று அனுபவிப்பவர் சொல்ல முடியாது. 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தாத்தா போக்கியத்துக்கு விட்ட நிலத்தைப் பற்றிக் கேட்கும் பேரன்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து பணம் கொடுத்தவருக்குத்தான். வீட்டுக்காரர் ஏற்கெனவே அந்த வீட்டை வங்கியில் வைத்திருந்தால்? அடமானத்தில் இருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் வாடகைக்கு விடலாம், ஆனால் அதே சட்டத்தின் 65-ஏ பிரிவின்படி முன்பணமாகப் பெருந்தொகை வாங்கக் கூடாது, கட்டடம் என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் விடவும் கூடாது. ஒத்தி என்பதே பெருந்தொகை முன்பணம்தான். ஆகவே வங்கி வீட்டை எடுக்க வரும் நாளில் ஒத்திக்காரருக்கு நிற்க இடமில்லை. பத்து லட்சத்தை வீட்டுக்காரரிடம் தனியாகத் துரத்த வேண்டும், அவரோ ஏற்கெனவே வங்கிக்கே கட்ட முடியாதவர். ஒத்திக்குப் போகிறவர் தண்ணீர் வருகிறதா, பைக் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறையில் பாதியை வில்லங்கச் சான்றுக்குக் காட்டினால் நல்லது.

## அக்ரிமெண்ட், பவர், 'நம்பிக்கைக் கிரயம்'

முதல் கேள்விக்கு வருகிறேன். கடனுக்குப் பிணையாகக் கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது, பவர் கொடுப்பது, அல்லது நேரடியாகக் கிரயமே செய்துவிட்டு "பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்ற வாய்வார்த்தையை நம்புவது. சுருக்கமாகச் சொன்னால்: வேண்டாம்.

அடமானம் என்ற சொல்லே பத்திரத்தில் இல்லாததால் 60-ஆம் பிரிவின் கவசம் தானாக வராது. கிரய ஒப்பந்தத்தை வைத்துப் பணம் கொடுத்தவர் மூன்று ஆண்டுக்குள் "எனக்கு விற்கச் சொல்லுங்கள்" என்று வழக்குப் போடுவார். முன்பெல்லாம் விலை அநியாயமாகக் குறைவு போன்ற சூழ்நிலைகளைப் பார்த்து நீதிமன்றம் தன் விருப்புரிமையில் மறுக்க இடம் இருந்தது. 2018-இல் குறித்த நிவாரணச் சட்டத்தைத் திருத்தி அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டார்கள். அறுபது லட்சம் வீட்டுக்குப் பதினைந்து லட்சம் விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரின் நிலைமை முன்பைவிட மோசம்.

நிபந்தனைக் கிரயம் என்று ஒரு வகை அடமானம் சட்டத்தில் உண்டு. ஆனால் திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருக்க வேண்டும். தனித்தாளில் இருந்தால் அது அடமானம் ஆகாது, விற்பனைதான். "கிரயத்தில் எழுதினால் நல்லா இருக்காது, தனியா ஒரு பேப்பர்ல எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொடுப்பவருக்காவது லாபமா என்றால் அதுவும் உறுதியில்லை. பத்திரம் உண்மையில் கடனுக்காகவே எழுதப்பட்டது, விற்பனை நோக்கமே இல்லை என்று நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியம் கொடுக்கலாம் என 1982-இல் கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி நிரூபணமானால் அவர் கையில் வீடும் இல்லை, அடமானமும் இல்லை. பவரை வைத்து உரிமை மாறாது என்பது 2011-இன் சூரஜ் லாம்ப் தீர்ப்பிலிருந்து தெரிந்த விஷயம். நேரடிக் கிரயம் என்றால் வீட்டின் முழு வழிகாட்டி மதிப்புக்கும் 7 சதவீத முத்திரைத் தீர்வை, மேலே பதிவுக் கட்டணம், திருப்பி எழுதும்போது மறுபடி அதே செலவு. பத்து லட்சக் கடனுக்கு இது பைத்தியக்காரத்தனம்.

## ஒரு பார்வையில்

| | வங்கி எம்.ஓ.டி. | பதிவு அடமானம் | பதிவு செய்த போக்கியம் | அக்ரிமெண்ட் / பவர் |
|---|---|---|---|---|
| பத்து லட்சத்துக்குப் பத்திரச் செலவு | 11,000 | 20,000 | 50,000 | குறைவு போலத் தெரியும் |
| மீட்பு உரிமை | ஏல அறிவிப்பு வெளியாகும் வரை | ஏலம் உறுதியாகும் வரை | பணம் கொடுக்கும் நாள் வரை | தானாக வராது |
| ஏலத்துக்கு வழக்கு தேவையா | தேவையில்லை | தேவை | ஏலம் கேட்கும் உரிமை வழக்கமாக இல்லை | விற்கக் கோரும் வழக்கு |
| கொடுத்தவரின் பலம் | மிக அதிகம் | 12 ஆண்டு, ஆனால் மெதுவாக | அனுபவம் கையில் | சூதாட்டம் |

## யாருக்கு எது?

மாதச் சம்பளமோ கணக்குக் காட்டக்கூடிய வருமானமோ இருந்தால் வங்கிதான். ஒரு மாதத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வருமானம் ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது என்ற வகைத் தொழிலில் இருப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும். 90 நாள் கணக்கு அவர்களைத்தான் முதலில் பிடிக்கும். வட்டி கொஞ்சம் கூடினாலும், பழகிய ஒருவரிடம் பதிவு அடமானத்தில் வாங்குவது அவர்களுக்குத் தூக்கம் தரும். அவர் வட்டிக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவர் என்றால் உரிமம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இன்னொரு வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது, மாதம் எதுவும் கட்ட முடியாது என்றால் போக்கியம். பதிவுச் செலவை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். ஒரே வீடு, அதில்தான் குடியிருக்கிறோம் என்பவர்களுக்கு இது வழியே இல்லை.

உறவினருக்குக் கொடுப்பவர் பதிவு அடமானத்தைத்தான் எடுக்க வேண்டும். சங்கடமாக இருக்கிறது என்றால் முத்திரைச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

## ஏற்கெனவே அக்ரிமெண்ட் போட்டுவிட்டால்

இதைப் படிப்பவர்களில் சிலர் இந்தக் கட்டத்தில்தான் இருப்பீர்கள். இனிமேல் கட்டும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள், குறிப்பில் "கடன் வட்டி" என்று போடுங்கள். வீட்டை விற்பவர் மாதாமாதம் வாங்குபவருக்குப் பணம் அனுப்ப மாட்டார். நாளை அந்த வங்கி அறிக்கையே உங்கள் சாட்சி. வாட்ஸ்அப்பில் வட்டி, அசல் பற்றி நடந்த பேச்சை அழிக்காதீர்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டுப் பதிவு அடமானமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கொடுத்தவரிடம் கேளுங்கள். நேர்மையானவர் என்றால் அவருக்கும் அதுதான் லாபம். மறுத்தால், அவர் மனதில் இருப்பது வட்டியா வீடா என்பது அப்போதே தெரிந்துவிடும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் விடாதீர்கள். இது கடன்தான், விற்பனை இல்லை என்பதை முதல் பதிலிலேயே எழுதுங்கள். வழக்கு வந்த பிறகு முதல்முறையாகச் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.